ஆர்டெக் திரும்பிப் பார்ப்பதில்லை

ஹார்ஷம்
6 மே 1987

அன்புள்ள கிளெனிஸ்,

உன் பார்சல் வந்து சேர்ந்தது. பன்னிரண்டாம் இதழுக்கான கதைகளை எல்லாம் ஸ்டென்சிலில் அடித்து முடித்துவிட்டேன். எங்கள் பல் டாக்டர் காலையில் இரண்டு பேருக்கு மேல் பார்ப்பதில்லை, அதனால் வரவேற்பு மேசையிலேயே வேலை நடந்துவிடுகிறது. அடுத்த வாரம் சனிக்கிழமை கெல் தன் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய் சைக்ளோஸ்டைல் மிஷினில் நூற்று நாற்பது பிரதி சுற்றித் தருவான். பதினோரு இதழாக என் புருஷன் முகம் சுளிக்காமல் செய்கிறான், பாவம். இது வரைக்கும் இந்தக் கடிதத்தில் சண்டை இல்லை.

இனிமேல்தான். ஐவி கார்ட்மெல் யார்?

போன இதழில் அவளுடைய 'வாசல் வரை' முதல் பகுதி வந்தபோதே கேட்டேன். புது வாசகி, கூச்ச சுபாவம் என்று எழுதி மழுப்பினாய். இப்போது இரண்டாம் பகுதியை அனுப்பியிருக்கிறாய். இதில் டாக்டர் பிரின், கமாண்டர் ஆர்டெக்கை விட்டுவிட்டு விமானி சோலோடு நிலையத்தை விட்டே கிளம்பிவிடுகிறாள். நம் பத்திரிகை அட்டையில் என்ன போட்டிருக்கிறோம் என்று ஒரு தடவை எடுத்துப் பார். "உப்புக் கோள் தொடரின் ரசிகர்களில் ஆர்டெக்–பிரின் ஜோடியை நம்புகிறவர்களுக்கு." சோல் கட்சிக்காரர்களுக்கு அடிலெய்டில் தனிப் பத்திரிகை இருக்கிறது. அவர்கள் அங்கே போய் அழட்டும்.

டி.வி.யில் தொடர் நின்று மூன்று வருஷம் ஆகிவிட்டது. இருபத்தாறு எபிசோடில் அந்த இரண்டு பேரும் ஒரு தடவைகூடக் கையைப் பிடித்துக்கொண்டதில்லை. அப்படியும் அவர்களுக்குள் இருப்பது காதல்தான் என்று நிரூபித்தது யார்? பதினான்காவது எபிசோடில் அவன் கை அவள் தோளுக்கு மேலே ஒன்றரை வினாடி நிற்கிறது. கேசட்டை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கண்டுபிடித்தவள் நான். என் சாட்சிப் பட்டியலில் இன்றைக்கு நூற்றுப் பன்னிரண்டு சாட்சி இருக்கிறது. ஐவிக்கு அதில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லையாம்.

அவள் கதை இரண்டு தடவையும் உன் டைப்ரைட்டரில் அடித்து வந்தது. முகவரியும் உன்னுடையது. எனக்கு என்ன தோன்றுகிறது என்று சொல்லட்டுமா? ஐவி நீதான். பெயரை மாற்றிக்கொண்டு கட்சி மாறிவிட்டாய்.

கடிதப் பகுதியில் முதல் பகுதிக்கு என் விமர்சனம் வருகிறது. கடைசி வரியை மட்டும் இங்கே தருகிறேன்: "இதை எழுதியவரை வாழ்க்கையில் ஒருத்தரும் ஆசையாகப் பார்த்ததில்லை, பார்த்திருந்தால், ஆர்டெக் திரும்பிப் பார்ப்பதில்லை என்று இப்படிப் பக்கம் பக்கமாகப் புலம்பியிருக்க மாட்டார்."

உள்ளே உறைக்கட்டும்.

நோலீன்


அல்வர்ஸ்டோன்
12 மே

அன்புள்ள நோலி,

நான் ஐவி இல்லை. கதை எழுத வந்தால் நான் ஏன் மருந்துக்கடையில் நின்று இருமல் டானிக் விற்கிறேன்?

கையெழுத்துப் பிரதியாக வந்ததை நான் திரும்ப டைப் அடித்தேன். அவ்வளவுதான் என் பங்கு. ஆள் யார் என்று சொல்லக்கூடாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். நம் கூட்டத்தில் பாதிப் பேர் புனைபெயரில்தானே எழுதுகிறார்கள். அந்தப் பாதிரியாரின் மனைவி என்ன பெயரில் என்னென்ன எழுதுகிறாள் என்று உனக்கும் தெரியும், நாம் இரண்டு பேரும் வாயைத் திறந்ததில்லை.

அட்டையில் போட்டிருப்பதும் எனக்குத் தெரியும். கதை நன்றாக இருந்தது, அதனால் எடுத்தேன். படித்துவிட்டுக் கடையில் நின்றபடி அழுதேன் என்றால் நீ சிரிப்பாய். இந்தக் கதையில் சோலைப் பற்றி எனக்கு அக்கறையே இல்லை. பிரின் அந்த வாசலில் நிற்கிற விதம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. நீ அதைக் கமா பார்க்கிற கண்ணால் படித்திருக்கிறாய்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இதுவரை எதுவும் கேட்டதில்லை. அந்தக் கடைசி வரியை எடுத்துவிடு. கதையை எப்படி வேண்டுமானாலும் திட்டு, அது விமர்சனம். எழுதின ஆளை யாரும் ஆசையாகப் பார்த்ததில்லை என்று நூற்று நாற்பது பேருக்குச் சொல்லாதே. சனிக்கிழமைக்குள் இது கிடைக்காவிட்டால் என்று பயந்து உனக்கு இரண்டு தடவை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை.

கிளெனிஸ்


ஹார்ஷம்
20 மே

அன்புள்ள கிளெனிஸ்,

உன் கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. வரியை எடுக்கவில்லை. நீ கெஞ்சக் கெஞ்சத்தான் அது இருக்க வேண்டும் என்று தோன்றியது. முகம் தெரியாத ஒரு வாசகிக்காக இரண்டு ட்ரங்க் கால் போடுகிற ஆளா நீ? உன் பிறந்தநாளுக்கு நான் போன் செய்தபோதே "காசு ஓடுது, வை" என்றவள்.

சனிக்கிழமை கெல் எல்லாவற்றையும் சுற்றிக் கொண்டுவந்தான். வழக்கமாக மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவான், அன்றைக்கு நாலு மணி ஆகிவிட்டது. மிஷின் மக்கர் பண்ணியதாம். கட்டுகளைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனான். வெகுநேரம் கழுவினான், மை போகவில்லை போல. அப்புறம் எப்போதும் இல்லாத அதிசயமாக ஒரு வார்த்தை பேசினான்.

"அந்த ஐவியைக் கொஞ்சம் ஓவராத் திட்டிட்ட நோலி."

"ஏன், உனக்கு அவளைத் தெரியுமா?"

"தெரியாது. எழுதுறது அவ்வளவு மோசமில்லையேன்னு தோணுச்சு."

"கெல், நீ மிஷினைச் சுத்து. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

அதோடு ஷெட்டுக்குப் போய்விட்டான். ஏதோ நாற்காலி செய்கிறான், மார்ச்சிலிருந்து அதே நாற்காலிதான். திங்கட்கிழமை முதல் வீட்டில் பேச்சு இன்னும் குறைந்துவிட்டது. அவன் எப்போதும் அதிகம் பேசுகிறவன் இல்லை என்பதால் எனக்கே இன்றைக்குத்தான் தெரிந்தது.

கிளெனிஸ், கேட்கக்கூடாதுதான், ஆனாலும் கேட்கிறேன். ஈஸ்டருக்கு மெல்பர்னில் நம் ரசிகர் சந்திப்பு நடந்ததே, அப்போது நீயும் கெல்லும் டீ ஊற்றுகிற மேசைக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றீர்கள். நான் மேடையில் சாட்சிப் பட்டியல் வாசித்துக்கொண்டிருந்தேன். என்ன பேசினீர்கள்?

நோலீன்


அல்வர்ஸ்டோன்
26 மே

நோலி,

இதழ் வந்தது. வரியையும் பார்த்தேன்.

டீ மேசைக்குப் பக்கத்தில் டீயைப் பற்றிப் பேசினோம். அந்தக் கூட்டத்தில் ஆர்டெக் பேச்சு இல்லாத இடம் அது ஒன்றுதான் இருந்தது.

எனக்கு இப்போது எழுத மனம் இல்லை. கொஞ்ச நாள் விடு.

கிளெனிஸ்


ஹார்ஷம்
2 ஜூன்

கிளெனிஸ்,

கொஞ்ச நாள் விட முடியாது.

பல்லாரட்டிலிருந்து நம் வாசகி டாட் நேற்று ஒரு கேசட் அனுப்பினாள். ஈஸ்டர் சந்திப்பில் உடை அலங்காரப் போட்டியைத் தன் தம்பி கேமராவில் படம் பிடித்திருக்கிறாள். மேடையில் நான் சாட்சிப் பட்டியல் வாசிக்க வாசிக்க, முன்னால் ஏழு பிரின்கள் வெள்ளைக் கோட்டில் நடக்கிறார்கள். பின்னால், இடது ஓரத்தில், கதவை ஒட்டிய டீ மேசைக்குப் பக்கத்தில் நீயும் என் புருஷனும்.

பத்தொன்பது தடவை ஓட்டிப் பார்த்தேன். உனக்குத் தெரியும், நான் பார்க்கத் தெரிந்தவள்.

முதல் சாட்சி, அவன் கோட்டுக்குள்ளிருந்து ஒரு பழுப்புக் கவரை எடுக்கிறான். தடிமனான கவர். எடுப்பதற்கு முன்னால் மேடைப் பக்கம் திரும்பி நான் பார்க்கிறேனா என்று பார்க்கிறான். இரண்டாவது, நீ அதை வாங்கியதும் பிரிக்கவில்லை, என்ன என்றும் கேட்கவில்லை, நேராகப் பைக்குள் வைக்கிறாய். அப்படியென்றால் என்ன வரப்போகிறது என்று உனக்கு முன்பே தெரியும். மூன்றாவது, நீ அவன் முழங்கையைத் தொடுகிறாய். முழுதாக இரண்டு வினாடி. ஆர்டெக்கின் ஒன்றரை வினாடிக்கு நான் ஒரு பத்திரிகையே நடத்துகிறேன் கிளெனிஸ்.

நான்காவது சாட்சிதான் என்னைக் கொல்கிறது. அவன் சிரிக்கிறான். பல் தெரிய. வீட்டில் அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்தேன், கணக்கு வரவில்லை.

இன்று அவன் பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகு ஷெட்டுக்குள் போய்த் தேடினேன். வெட்கப்படவில்லை. உளிப் பெட்டிக்கு அடியில் உன் கையெழுத்தில் ஆறு கவர். எல்லாம் பள்ளிக்கூட முகவரிக்கு வந்தவை, வீட்டுக்கு ஒன்றும் இல்லை. உள்ளே இருந்ததை நான் படிக்கவில்லை. ஒரே ஒரு வரி கண்ணில் பட்டுவிட்டது. "அவளிடம் சொல்லிவிடு கெல், இனியும் இதை என்னால் மறைக்க முடியாது."

கெல்லிடம் கேட்கவில்லை. கேட்டால் அவன் ஏதாவது பொய் சொல்வான், நான் அதை நம்பிவிடுவேன். அவனோடு பதினேழு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், எனக்கு அதில் பழக்கம் இருக்கிறது. அதனால் உன்னிடம் கேட்கிறேன். எவ்வளவு நாளாக?

நோலீன் பர்விஸ்


அல்வர்ஸ்டோன்
9 ஜூன்

நோலீன்,

முழுப் பெயர் போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறாய். வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருந்தது.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மற்றது. ஐந்து வருஷமாக நீ என் சிநேகிதி. என் அம்மா செத்தபோது கப்பல் பிடித்துக் கடல் தாண்டி வந்து ஒரு வாரம் பாத்திரம் கழுவினாய். அப்படிப்பட்டவள் ஒரு கேசட்டை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு என்னை இப்படிக் கேட்கிறாய். உன் பதினான்காவது எபிசோடை நானும் பார்த்திருக்கிறேன். அந்த ஒன்றரை வினாடியில் ஆர்டெக் அவள் தோளுக்கு மேலே இருக்கிற சுவிட்சைத் தேடுகிறான். அடுத்த காட்சியில் விளக்கு எரிகிறது. உனக்கு அது பிடித்திருந்தது, அதனால் யாரும் சொல்லவில்லை.

இனி மற்றது. நேற்றுப் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து கெல்லிடம் உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். ஆசிரியர் அறையில் யாரோ பிஸ்கட் டப்பாவைத் திறக்கிற சத்தம்தான் கேட்டது. அப்புறம் சொன்னான், "சொல்லிடுங்க கிளெனிஸ். எனக்கு வாய் வராது."

ஐவி கார்ட்மெல் கெல்தான்.

கவரில் இருந்தது இரண்டாம் பகுதி. ஷெட்டில் இருப்பது நான் அவனுக்கு எழுதின திருத்தங்கள். தாராளமாகப் படி. பாதிக்கு மேல் ஒற்றுப்பிழை.

போன வருஷம் ஆகஸ்டில் எனக்கு எழுதினான். மிஷினைச் சுற்றும்போது ஒவ்வொரு பக்கமும் நூற்று நாற்பது தடவை கண் முன்னால் விழுகிறது, படிக்காமல் இருக்க முடியவில்லை, நானும் ஒன்று எழுதிப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தான். நோலியிடமே கொடேன் என்றேன். என் பெயரைப் போட்டுக் கொடுத்தால் அவள் ஸ்பெல்லிங் பார்ப்பாள், கதையைப் பார்க்க மாட்டாள் என்றான். அப்படியென்றால் நம் பத்திரிகை எதற்கு, வேறு எங்காவது அனுப்பேன் என்று கேட்டேன். அதற்கு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவ வீட்டுல உக்காந்து முழுசாப் படிக்கிறது அது ஒண்ணுதான்."

நான் அவன் முழங்கையைத் தொட்டது எதற்கு, அவன் சிரித்தது எதற்கு என்று கேட்பாய். "முதல் பகுதியை ரெண்டு பேர் பாராட்டிக் கடிதம் போட்டிருக்காங்க" என்று சொன்னேன். அதற்குத்தான் அந்தப் பல் தெரிந்தது. நீ மேடையிலிருந்து பார்க்கிறாயா என்று அவன் திரும்பினான் என்கிறாய். நீ பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் திரும்பினான் என்று எனக்குப் படுகிறது. உன் கேசட்டில் அது தெரியாது.

உன் வரியை அவனே கையால் சுற்றி நூற்று நாற்பது தடவை எடுத்தான் நோலி. நான் போனில் கேட்டேன், அந்த ஸ்டென்சிலை நீ கிழித்துப் போட்டிருக்கலாமே என்று. "அது அவ பக்கம், நான் எப்படிக் கிழிக்கிறது" என்றான்.

எனக்கு அவனிடம் வேறு எதுவும் இல்லை, ஒரு காலத்திலும் இருந்ததில்லை. நீ நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். சாட்சிக்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

கிளெனிஸ்


ஹார்ஷம்
23 ஜூன்

அன்புள்ள கிளெனிஸ்,

மன்னிப்புக் கேட்டு மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் நானே எனக்காக வாதாடியிருந்தேன். அதனால் சுருக்கமாக: நான் செய்தது அசிங்கம். உன் அம்மா வீட்டில் கழுவின பாத்திரத்தை எல்லாம் நீ இப்போது என் தலையில் போட்டு உடைத்தாலும் நியாயம்.

உன் கடிதம் வந்த அன்றே ஐவியின் கதையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஸ்டென்சில் அடித்தவள் நான், ஒவ்வொரு எழுத்தும் என் விரலால் போனது, ஆனால் நான் படித்தது அன்றைக்குத்தான். முதல் பகுதியில் பிரின் தினமும் ராடார் அறை வாசலில் சாப்பாட்டுத் தட்டோடு வந்து நிற்கிறாள். ஆர்டெக் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "அங்க வை" என்கிறான். பதினொரு தடவை அந்த வார்த்தை வருகிறது. திரும்பத் திரும்ப வருவது எழுத்தாளரின் திறமைக்குறைவு என்று விமர்சனத்தில் எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? நான் கேசட் பார்க்கும்போது கெல் டீ கொண்டுவருவான். நான் என்ன சொல்வேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனை வருஷம் நான்தான் பிரின் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் கிளெனிஸ். அத்தனை சாட்சியும் அதற்காகத்தான் சேர்த்தேன். யாரோ ஒருவன் வாய் திறக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான் என்று. பார்த்தால் நான் ராடார் முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆள்.

அந்தச் சனிக்கிழமை மதியம் ஷெட்டுக்குப் போனேன். ரேடியோவில் ஃபுட்பால் ஓடிக்கொண்டிருந்தது, அவன் கேட்கவில்லை. வாசலிலேயே நின்றேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"பிரின் நீயா?" என்றேன்.

"ஆமா."

"அப்போ நான்?"

உப்புத்தாளை மடித்தான், பிரித்தான்.

"என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே கெல்."

"சொன்னேனே. ரெண்டு இதழ்ல சொன்னேன். நீதான் ஸ்டென்சில் அடிச்ச."

எனக்கு அப்போதும் பழைய புத்தி போகவில்லை பார். சோல் யார் என்று கேட்டேன். அந்தக் கேள்விக்காகத்தான் நான் ஷெட்டுக்கே போனேனோ என்னவோ.

"சோல்னு ஆளே கிடையாது நோலி. கூடப் போறதுக்கு ஒருத்தர் வேணும்னு போட்டேன்" என்றான். கொஞ்சம் கழித்து, "ஜிலாங்ல ஒரு ஸ்கூல்ல கூப்பிட்டிருக்காங்க. மரவேலைப் பிரிவு முழுசும் என் பொறுப்பு. ஜூலை முடியறதுக்குள்ள பதில் சொல்லணும்" என்றான்.

"நாம எங்க தங்குறது?" என்று கேட்க வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். 'நாம' என்று அவன் நினைத்திருக்கவில்லை. ஜிலாங் கடிதம் அவனுக்கு வந்தது மார்ச்சில்.

அழுதேன். இங்கே மறைக்க என்ன இருக்கிறது. அவன் எழுந்து வரவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மூன்றாம் பகுதி எங்கே, கிளெனிஸிடம் இருக்கிறதா, அதில் பிரின் திரும்பி வருகிறாளா என்று கேட்டேன்.

"எழுதலை" என்றான்.

"என் வரியாலயா?"

"அது ஒண்ணு. இன்னொண்ணு, ஆர்டெக் என்ன சொல்வான்னு எனக்குத் தெரியலை. அவன் வாயில எதை வெச்சாலும் பொய்யா இருக்கு. பதினேழு வருஷமா அவன் என்கிட்ட ஒண்ணுமே சொன்னதில்லையே நோலி, நான் எதை வெச்சு எழுதறது?"

டாட்டும் அவள் அக்காவும் ஒரு கதையை மாற்றி மாற்றி எழுதுவார்களே, ஒருத்தி ஒரு ஆளுக்கு, இன்னொருத்தி இன்னொரு ஆளுக்கு என்று. எனக்கு அதுதான் தெரியும், வேறு வழி தெரியவில்லை. டைப்ரைட்டரைச் சமையலறை மேசைக்குக் கொண்டுவந்தேன். ஆர்டெக் நான், பிரின் நீ என்றேன். மாட்டேன் என்பான் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

ஒரு வாரத்தில் நான்கு பக்கம் ஆகியிருக்கிறது. ரொம்ப மோசமான நான்கு பக்கம். பதின்மூன்றாம் இதழுக்கு எதிர்பார்க்காதே, எந்த இதழுக்கும் எதிர்பார்க்காதே. ஆர்டெக்குக்கு நான் முதலில் பெரிய வசனம் எழுதினேன், கெல் குறுக்கே கோடு போட்டு, "இது எபிசோடுல வர்ற ஆர்டெக்" என்று ஓரத்தில் எழுதினான். இரண்டாவது முறை மன்னிப்புக் கேட்க வைத்தேன், அதையும் அடித்தான். மூன்றாவது முறை ஆர்டெக் ஒன்றும் சொல்லவில்லை, திரையை அணைத்துவிட்டு எழுந்து நின்றான். அதை மட்டும் கெல் விட்டுவைத்தான்.

இப்போது பிரின் கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். கையில் பெட்டி. ஜிலாங்குக்கு இன்னும் பதில் போகவில்லை. நேற்று மாலை என் முறை வந்தபோது, "பிரின் பெட்டியைக் கீழே வைத்தாள்" என்று டைப் அடித்து அவன் பக்கம் தள்ளினேன். படித்தான். பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டு, மேலே சின்ன எழுத்தில் திருத்தினான்: "பிரின் இன்னும் பெட்டியைக் கீழே வைக்கவில்லை."

நோலி